சாணியில் முளைத்த கிண்ணமும் நான் போட்ட கையெழுத்தும்

போன வாரம் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் சங்கீதா. நான் ஓய்வு பெற்ற பிறகு, ரோஜாப் பண்ணையின் தரம் பிரிக்கும் கூடத்தில் என் இடத்துக்கு வந்த சூப்பர்வைசர். படத்தில் ஒரு பூந்தொட்டி. தொட்டியில் காய்ந்த சாணத்தின்மேல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏழெட்டுச் சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் கடுகு கடுகாகக் கறுப்பு முட்டைகள். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, இது என்னா பூச்சி? மருந்து அடிக்கச் சொல்லட்டுமா?"

தோசையை அப்படியே விட்டுவிட்டுப் போன் போட்டேன். "அடியே, மருந்து கிருந்து அடிச்சிடாத! தண்ணிகூட ஊத்தாத! தொட்டிய அப்பிடியே தூக்கி வெளிய வை!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். "ஏங்க்கா இப்பிடிக் கத்துறீங்க? அது என்னான்னுதான் சொல்லுங்களேன். புதுசா வந்த புள்ளைங்களும் கேக்குதுங்க" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோசை கருகிப் போயிருந்தது. எனக்கோ மனசு குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அப்படித்தான்.

என் பெயர் ஜரீனா. வீடு மத்திகிரியில். உத்தனப்பள்ளிப் பக்கம் இருக்கும் இந்த ஏற்றுமதி ரோஜாப் பண்ணையில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் கையெல்லாம் முள். இரண்டாம் வருஷம் இருபது பூவை ஒரே உயரத்தில் சேர்த்து அட்டை சுற்றிக் கட்டப் பழகினேன். மூன்றாம் வருஷம், காம்பைக் கையில் எடுத்ததுமே ஐம்பது சென்டிமீட்டரா அறுபதா என்று சொல்ல வந்துவிட்டது. வாய் கொஞ்சம் நீளம் என்பதால் சூப்பர்வைசராகவும் ஆக்கிவிட்டார்கள். என் கூடத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும். நான் மூன்றிலும் திட்டுவேன்.

எங்கள் மேனேஜர் பிச்சையா சார் திருநெல்வேலிக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "சொல்லுங்க ஜரீனாம்மா" என்றால் சாதாரணம். "சொல்லுங்க தாயே" என்றால் தொலைந்தோம்.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்தப் பிரச்சினை வந்தாலும் அதில்தான் எழுதித் தர வேண்டும். பக்கத்துக்கு நடுவில் கோடு. இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது'. ஒருமுறை பூ வாடிப்போனதற்கு, குளிர் அறைக் கதவைச் சரியாக மூடவில்லை என்று இடப்பக்கம் எழுதிவிட்டேன். கூப்பிட்டார். "கதவு தெறந்து கெடந்தத பாத்தீயளா, இல்ல பூ வாடுனத பாத்தீயளா?" என்று கேட்டார். பூ வாடினதைத்தான் என்றேன். "அப்போ பூ இந்தப் பக்கம், கதவு அந்தப் பக்கம். பாக்காத சாமானத்த இந்தப் பக்கம் எழுதாதீய தாயே" என்றார். அன்றைக்கு அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

இனி, அந்தக் கிண்ணத்தை நான் முதன்முதலில் பார்த்த பிப்ரவரிக்கு வருகிறேன். காதலர் தினம் நெருங்கினால் எங்களுக்குச் சோறு தண்ணீர் கிடையாது. அந்த வருஷம் பனிக்காலத்தில் ரோஜாப் பாத்திகளுக்குச் சாணம் போட்டிருந்தார்கள். வழக்கமாக நன்றாக மக்கிய எருதான் வரும். அந்த முறை அவசரத்தில், வைக்கோல் கலந்த அரைகுறைச் சாணம் வந்தது. பாத்தியில் பரப்பினார்கள். அதன்மேல், செடிக்கு வலு சேர வெட்டாமல் வளைத்துவிட்ட பழைய கிளைகள் படர்ந்து மூடிக்கொண்டன. அடியில் என்ன நடக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள்?

முதல் வாரமே, பெங்களூரில் ஏற்றுமதிக்கு முந்தின சோதனையில் எங்கள் பெட்டிகளை நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இலையில் கரும்புள்ளி, செதில் பூச்சி என்று சந்தேகம். நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பாக, வட்டமாக, இறுக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படித்தான் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் பூச்சி ஒன்று உண்டு. அதேதான் என்று நானும் முடிவு கட்டினேன். திரும்பி வந்த பெட்டிகளெல்லாம், ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களில் ஏழாம் நம்பரில் பறித்த பூ. அங்கே மருந்து அடிப்பவன் முனிராஜு.

பிச்சையா சார் போனில், சாயங்காலத்துக்குள் எழுதித் தரச் சொன்னார். கூடத்தில் பூ மலையாகக் கிடந்தது. அறுபது பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தலைக்கேறிய கோபம். நோட்டை எடுத்தேன். 'மருந்து இலைக்கு அடியில் படவில்லை. முனிராஜு அவசர அவசரமாக அடிக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது இடப்பக்கத்தில். ஏழாம் நம்பர் கூடாரத்துக்குள் நான் கால் வைத்தே பத்து நாள் ஆகியிருந்தது!

உடனே உத்தரவு வந்தது. ஏழாம் நம்பரில் இனி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்பிரே. மருந்து அடிக்காத நாளில் வெறும் தண்ணீரையாவது பீய்ச்சி இலையைக் கழுவ வேண்டும். முனிராஜு அடித்தான். புள்ளி இரண்டு மடங்கானது. இரண்டாவது முறையும் பெட்டிகள் திரும்பி வந்தன. அன்றைக்கே அவனுக்கு இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். வேலை போனால், பண்ணைக்குள் இருந்த குடியிருப்பு அறையையும் காலி செய்ய வேண்டும்.

முனிராஜு கூடத்து வாசலில் வந்து நின்றான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். தமிழ் பேசுவான், எந்தப் பாஷையும் படிக்கத் தெரியாது. நோட்டீஸில் இருந்ததை யாரோ வாயால் சொல்லியிருக்கிறார்கள். புகார் எழுதியது யார் என்று அவர்கள் சொல்லவில்லை.

"அக்கா, நான் அடிக்க அடிக்கத்தான் அது ஜாஸ்தியாவுது. மருந்து பத்தாம இல்லக்கா" என்றான்.

"ஏம்பா, பூச்சி என்னா உன் மருந்தக் குடிச்சிட்டு குட்டி போடுதா?" என்றேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. "பாப்பாவுக்குப் பன்னெண்டாவது பரீட்ச வருதுக்கா. அது முடியற வரைக்குமாவது ரூம்ல இருக்க விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா சார் கேப்பாரு" என்றான்.

பார்க்கலாம் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். யா அல்லாஹ், நான் என்ன எழுதினேன், எந்தப் பக்கம் எழுதினேன்! ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், மறுநாள் காலை நான் ஏழாம் நம்பருக்குப் போனது அவனைக் காப்பாற்ற இல்லை. அவன் அவசரமாக அடிக்கிறதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட்டால், நான் எழுதினது உண்மையாகிவிடும், என் நெஞ்சு ஆறிவிடும். அதற்காகத்தான் போனேன்.

"இன்னைக்கு வெறும் தண்ணிதாக்கா. பயப்படாம உக்காருங்க" என்றான். இரண்டு பாத்திகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். அவன் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியர்த்தது. ஸ்பிரே கன்னின் மூக்கைக் கீழிருந்து மேலே பார்க்கத் திருப்பி, செடி செடியாக, இலை இலையாகக் கழுவினான். ஒரு கிளையைக்கூட விடவில்லை. என் வீட்டுப் பாத்திரத்தை நான் அவ்வளவு ஒழுங்காகக் கழுவினது கிடையாது. மேலே பட்ட தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே பாத்தியில் விழுந்துகொண்டிருந்தது.

டப்!

என் மூக்குக் கண்ணாடியில் ஏதோ வந்து அடித்தது. கழற்றிப் பார்த்தேன். வலது கண்ணாடியின் நடுவில் ஒரு கரும்புள்ளி. அதே கறுப்பு, அதே வட்டம், அதே அளவு! முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் நெம்பினேன். கல் மாதிரி விழுந்தது. விழும்போது பின்னால் மயிரிழை அளவில் ஒரு நூல் இழுபட்டது. பூச்சியாக இருந்தால் நகத்தில் நசுங்கும், ஈரமாகும். இது நசுங்கவே இல்லை. எந்தப் பூச்சி இப்படித் துப்பாக்கிக் குண்டாக வந்து அடிக்கும்?

"முனிராஜு! நிறுத்து! நிறுத்துப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் ஸ்பிரே கன்னையே கீழே போட்டுவிட்டான். நான் மண்டி போட்டு, வளைந்து கிடந்த கிளைகளை இரண்டு கையாலும் விலக்கினேன். முள் கீறியதே தெரியவில்லை.

அடேங்கப்பா! சாணமெல்லாம் கிண்ணம். ஒன்று இரண்டில்லை, ஊரையே கூட்டி விருந்து வைக்க அடுக்கினது போல அத்தனை கிண்ணம். வெளிப்பக்கம் பழுப்பு நிறத்தில் சொரசொரவென்று நூல் நூலாக. உள்பக்கம் வழவழவென்று ஈயச் சாம்பல் நிறம். அடியில் பதினைந்து இருபது கறுப்பு முட்டைகள். இன்னும் பக்குவப்படாத சிலவற்றுக்கு வெள்ளைத் தோலில் மூடிகூட இருந்தது. வைக்கோலிலும் சாணத்திலும் முளைக்கிற ஒரு வகைக் காளான்; முட்டை மாதிரி இருப்பது அதன் விதைப் பொட்டலம். செடியைத் தொடுவதில்லை, கடிப்பதில்லை, அது பாட்டுக்கு மக்கினதைத் தின்று கிடக்கிறது.

"இதுவாக்கா? எங்க ஊரு குப்ப மேட்டுல மழ விட்டா கொட்டிக் கெடக்கும். பேரெல்லாம் தெரியாது" என்றான் முனிராஜு.

"பேரு கெடக்கட்டும். கொஞ்சம் தண்ணி குடு" என்றேன். பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளைத் தாளைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அவன் நிமிர்த்திப் பிடித்தான். விரலை நனைத்து, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டேன். கிண்ணத்துக்கு வெளியே விழுந்தது. இரண்டாவதும் வெளியே. மூன்றாவது சொட்டு நேராகக் கிண்ணத்துக்குள் விழுந்தது. டப்! வெள்ளைத் தாளில், முழங்கால் உயரத்துக்கும் மேலே, ஒரு கரும்புள்ளி.

"அய்யோ அக்கா! குதிக்குதுக்கா!" என்று அவன் கத்தினான். நானும் கத்தினேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்து என்ன பாம்பா என்று கேட்டார்கள். இருவரும் குழந்தைகள் மாதிரி மாற்றி மாற்றிச் சொட்டு விட்டோம். அந்தக் கிண்ணத்தின் வளைவு அப்படி. சொட்டு உள்ளே விழுந்த வேகத்தில் தண்ணீர் பக்கவாட்டில் ஏறி, முட்டையையும் தூக்கி எறிந்துவிடுகிறது. முட்டையில் இருக்கும் நூல் போகிற இடத்தில் பட்டு ஒட்டிக்கொள்கிறது. இலை என்றால் இலை, கண்ணாடி என்றால் கண்ணாடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிக்க அடிக்க ஜாஸ்தியாகிறது என்று இவன் சொன்னது அப்படியே உண்மை. பூச்சியே இல்லாத இடத்தில் பூச்சிக்கு மருந்து அடித்தோம். அந்த ஸ்பிரேயின் சொட்டுதான் கிண்ணத்தில் விழுந்து புள்ளியை எறிந்தது. புள்ளியைப் பார்த்து இன்னும் ஸ்பிரே அடித்தோம். கடவுளே, எத்தனை பெட்டி!

முனிராஜு கண்ணில் தண்ணீரோடு கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, நீங்கதாங்கா என்னக் காப்பாத்துனீங்க. எம்புள்ள பரீட்ச எழுதிடும்க்கா" என்றான். அந்தக் கும்பிடு செருப்பால் அடித்தது போல இருந்தது. எழுதினது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பத்திருபது கிண்ணத்தைச் சாணத்தோடு பெயர்த்து ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தார்கள்.

பிச்சையா சார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாணிய எதுக்கு மேச மேல வைக்கீய ஜரீனாம்மா?" என்றார். பேசாமல் இருங்கள் சார் என்று சொல்லிவிட்டு, டம்ளரில் விரலை நனைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார். முதல் சொட்டே சரியாக விழுந்தது. டப்! அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் கரும்புள்ளி.

"அட சவமே!" என்று துள்ளிப் பின்னால் போனார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அடுத்த நிமிஷம், "இன்னொண்ணு விடுங்க, இன்னொண்ணு விடுங்க" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரே ஐந்தாறு சொட்டு விட்டார். பிளேடால் ஒரு முட்டையை இரண்டாக வெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தார். காலும் இல்லை, வாயும் இல்லை, நடுவில் வெள்ளையாக ஒரு பொடி மட்டும். இலையில் இருந்த புள்ளியையும் நெம்பி வெட்டினார். அதுவும் அப்படியே. உடனே பெங்களூருக்குப் போன் போட்டு, சோதனை செய்கிறவர்களுக்கும் இதையே காட்ட நாளைக்கு நேரில் வருவதாகச் சொன்னார். பாத்திகளின்மேல் தென்னைநார்த் தூளைக் கனமாகப் பரப்பிக் கிண்ணங்களை மூடச் சொன்னார். ஏழாம் நம்பரில் ஸ்பிரேயை நிறுத்தச் சொன்னார். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் நோட்டை எடுத்துப் பிரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு தாயே?"

நான் இடப்பக்கத்தில் விரலை வைத்தேன்.

"நீங்க எழுதுனத நம்பித்தான் நோட்டீசுல கையெழுத்துப் போட்டேன். அந்தப் பய அவசரமா அடிச்சத எப்போ பாத்தீய?"

"பாக்கல சார்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் நோட்டீஸின் நகலை எடுத்து நான்காகக் கிழித்தார். "கிழிக்கது ஒரு நிமிசம். ஆனா இது எப்படி வந்ததுன்னு அவனுக்குத் தெரியாதுல்லா? அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார்.

தமிழில் எழுதினேன். மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்தேன். முதலில் எழுதியதெல்லாம் சுற்றி வளைத்து, 'தவறான புரிதல்', 'வேலைப் பளு' என்று ஓடியது. நாலாவது தாளில் நாலே வரி. பிச்சையா சார் படித்துப் பார்த்து, அடியில் அவரும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, வெயில் இறங்குவதற்கு முன்னால் முனிராஜுவின் அறைக்குப் போனேன். அவன் மனைவி லட்சுமம்மா என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, வாங்க! உங்களாலதான் நாங்க இங்க இருக்கறோம்" என்று பாயை உதறிப் போட்டாள். நான் உட்காரவில்லை. கடிதத்தை முனிராஜுவிடம் கொடுத்தேன். அவன் அதை மகள் பவித்ராவிடம் கொடுத்தான். அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்று, வகுப்பில் படிப்பது போலச் சத்தமாகப் படித்தாள்.

"முனிராஜு மருந்தைச் சரியாக அடிக்கவில்லை என்று நோட்டில் எழுதியது ஜரீனா ஆகிய நான். அதைப் பார்த்ததாக எழுதினேன். நான் பார்க்கவில்லை, அது பொய். முனிராஜுவின் வேலையில் ஒரு குறையும் இல்லை."

படித்துவிட்டு அந்தப் பெண் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். லட்சுமம்மா பாயின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன் முனிராஜு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் மகளைப் பார்த்து, "இன்னொரு தடவ படி பாப்பா. மெதுவா" என்றான்.

அவள் முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தாள். படித்து முடிக்கிற வரைக்கும் அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் தலை குனியாமல் நின்று, முழுவதையும் கேட்டேன்.